லேசர் எந்தக் கண்ணுக்கு, எதற்கு?

கண் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், லேசர் பற்றிய பேச்சு காதில் விழுந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வந்திருக்கும் பெண் ஒருத்தி. புரை முற்றிப்போய், "கத்தி எல்லாம் வேண்டாம், லேசர்லயே எடுத்துடுங்க" என்று கேட்கும் பெரியவர். சுகர் கண்ணைப் பாதித்துவிட்டது, மூன்று தடவை லேசர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வெலவெலத்துப் போயிருக்கும் அம்மா.

இந்த மூன்று பேர் கேட்பதும் ஒரே சிகிச்சை அல்ல. இயந்திரம் வேறு, ஒளியின் நிறம் வேறு, கண்ணுக்குள் அது போய்ச் சேரும் இடம் வேறு, கடைசியில் கிடைக்கும் பலனும் வேறு. முதலாமவருக்கு லேசர் ஒரு வசதி. இரண்டாமவருக்குப் பெரும்பாலும் லேசரே தேவைப்படாது. மூன்றாமவருக்கோ அது தள்ளிப்போடவே கூடாத சிகிச்சை. ஆனால் முதலாவதற்குக் கடன் வாங்கியாவது கிளம்பிவிடுகிற நாம், மூன்றாவதை "பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கவலையில்தான்.

கண்ணாடியைக் கழற்றும் லேசர்

ஒளி கண்ணுக்குள் நுழையும்போது முதலில் வளைவது கருவிழியில். கைக்கடிகாரத்தின் மேல் இருக்கும் கண்ணாடியைப் போல நிறமில்லாமல், சற்றே குவிந்து இருக்கும் படலம் அது. அதன் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கண்ணின் மொத்தப் பவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வளைவிலிருந்தே கிடைக்கிறது. மீதி, உள்ளே இருக்கும் லென்ஸின் வேலை. இரண்டும் சேர்ந்து ஒளியை விழித்திரையில் சரியாகக் குவித்துவிட்டால் கண்ணாடி வேண்டியதில்லை. விழி நீளமாக வளர்ந்துவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அது கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர். விழி குட்டையாக இருந்தால் தூரப்பார்வை, பிளஸ் பவர். கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் சிலிண்டர் பவர்.

வளர்ந்துவிட்ட விழியின் நீளத்தைக் குறைக்க வழியில்லை. கருவிழியின் வளைவை மாற்றலாம். லேசிக் தொடங்கி இன்று விளம்பரப் பலகைகளில் பார்க்கிற ஸ்மைல் வரைக்கும் எல்லாமே இந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன. மைனஸ் பவர் என்றால் கருவிழியின் நடுவைச் சீவித் தட்டையாக்குவார்கள். பிளஸ் என்றால் நடுவைச் சுற்றி வளையமாகச் சீவி நடுப்பகுதியை மேடாக்குவார்கள். சிலிண்டர் என்றால் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக எடுப்பார்கள்.

இவ்வளவு மெல்லிய படலத்தைக் கருக்காமல் சீவ முடியும் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1981 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், சக ஆய்வாளர் ஜேம்ஸ் வின்னுடன் சேர்ந்து அதன்மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பச்சை லேசர் பட்ட இடம் கருகிப் போயிருந்தது. 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்சைமர் லேசர் பட்ட இடத்திலோ துளிக் கருகலும் இல்லாத சுத்தமான வெட்டு.

இந்தப் புற ஊதா ஒளி திசுவைச் சுட்டு எரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பையே உடைத்துவிடுகிறது. உடைந்த துகள்கள் பக்கத்துத் திசுவுக்குச் சூட்டைக் கடத்துவதற்கு முன்பே பறந்துவிடுகின்றன. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய கால் மைக்ரான் ஆழம்தான் போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒற்றைத் தலைமுடியின்மேல் வரிசையாகப் பள்ளம் செதுக்கி அந்தக் குழு எடுத்த படம் இன்றும் பிரபலம். கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகெல் 1983-இல் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 1995-இல் அனுமதி கொடுத்தது. ஸ்ரீனிவாசன், வின், அவர்களோடு உழைத்த சாமுவேல் ப்ளம் மூவருக்கும் அந்நாட்டின் உயரிய தொழில்நுட்பப் பதக்கத்தை 2013-இல் ஒபாமா அணிவித்தார். லேசிக் செய்துகொண்ட எத்தனையோ பேருக்கு இதில் ஒரு சென்னைக்காரரின் பங்கு இருப்பது தெரியாது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய பெயர் அது.

இப்போது நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலில் வந்தது பிஆர்கே. கருவிழியின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாக எக்சைமரால் சீவுவார்கள். தோல் திரும்ப மூடுவதற்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை ஒரு காப்பு லென்ஸ் போட்டிருப்பார்கள். வலியும் எரிச்சலும் நிச்சயம் இருக்கும். அடுத்து லேசிக். கருவிழியில் 100 மைக்ரான் அளவுக்கு ஒரு மெல்லிய ஃபிளாப்பை வெட்டி, கதவைப் போலத் திறந்துவைத்து, உள்ளே சீவிவிட்டு மூடுவார்கள். மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஃபிளாப்பை முன்பு பிளேடால் வெட்டினார்கள், இப்போது பெரும்பாலும் மிகமிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டுகிறார்கள்.

அந்த லேசர் கண்ணுக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் மூரூவின் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் லேசர் தவறிப் பட்டுவிட்டது. அவரைப் பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் பட்ட காயம் மிகத் துல்லியமாக, சுற்றிலும் எதையும் பாதிக்காமல் இருப்பதைப் பார்த்து வியந்தார். எந்த லேசர் இப்படிச் செய்தது என்று தேடிப்போனவர், அதைக் கண் சிகிச்சைக்கே கொண்டுவந்துவிட்டார். மூரூவுக்கு 2018-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை லேசரின் அடிப்படைத் தொழில்நுட்பத்துக்குத்தான்.

மூன்றாவது ஸ்மைல். இதில் ஃபிளாப்பே கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையைச் செதுக்கிவிடும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் துளை வழியாக அதை உருவி எடுத்துவிடுவார்கள். மைனஸ் பவருக்கும் சிலிண்டருக்கும் இது நன்றாகப் பலிக்கிறது.

ஆபரேஷன் மேசையில் என்ன நடக்கும் என்பதுதான் பலருக்கும் பயம். ஊசி கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். இமை மூடிவிடாமல் ஒரு சிறிய கம்பியை மாட்டுவார்கள். அந்த இறுக்கம் கொஞ்சம் தெரியும். லேசிக் என்றால் விழி அசையாமல் இருக்க ஒரு வளையம் அழுத்திப் பிடிக்கும். அப்போது பார்வை மங்கி, சில நொடிகள் இருட்டாகவே போய்விடலாம். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் இந்த இடத்தில்தான் ஆட்கள் பதறிவிடுகிறார்கள். அப்புறம் மின்னும் ஒரு சிறு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். எக்சைமர் ஓடும்போது டிக் டிக்கென்று சத்தம் கேட்கும், முடி கருகுவது போல ஒரு வாசனை வரும். கண் எரிகிறதோ என்று நினைக்க வேண்டாம். உடைந்து பறக்கும் துகள்களின் வாசனை அது. கண் லேசாக அசைந்தால் இயந்திரம் அதைப் பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானாகவே நின்றுவிடும். பெரும்பாலான பவருக்கு லேசர் ஓடும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது

சிகிச்சையின் வெற்றி அந்த ஒரு நிமிடத்தில் இல்லை, அதற்கு முந்தைய பரிசோதனையில் இருக்கிறது. அந்தக் கணக்கை நோயாளியும் தெரிந்துகொள்ளலாம், கடினமே இல்லை. 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவும்போது ஒரு டையாப்டர் (பவரை அளக்கும் அலகு) மைனஸ் பவருக்குச் சுமார் 14 மைக்ரான் கருவிழி போகிறது. ஒருவருக்கு மைனஸ் 4, கருவிழித் தடிமன் 540 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். லேசிக் ஃபிளாப்புக்கு 110, சீவுவதற்கு 56. அடியில் 374 மைக்ரான் தொடாமல் மிச்சமிருக்கும். தாராளம். இன்னொருவருக்கு மைனஸ் 9, தடிமன் 480. ஃபிளாப் 110, சீவல் 126 போக 244-தான் மிஞ்சும். குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இன்று பலர் 300-க்குக் கீழே இறங்கவே தயங்குகிறார்கள். ஆக இரண்டாமவருக்கு லேசிக் கூடாது. அவருக்குக் கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள் கூடுதலாக ஒரு லென்ஸைப் பொருத்தும் ஐசிஎல் சிகிச்சை இருக்கிறது. இல்லையென்றால் கண்ணாடியே நல்லது.

தடிமன் போதுமானதாக இருந்தாலும், கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயின் சாயல் தெரிந்தால் லேசிக் செய்யவே கூடாது. ஏற்கெனவே பலமில்லாத கருவிழியை மேலும் மெலிதாக்கினால் அது வருடங்கள் கழித்துக்கூட முன்னோக்கிப் பிதுங்கிவிடும். பவர் தாறுமாறாக ஏறும், கண்ணாடி போட்டாலும் தெளியாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் டோப்போகிராபி, பென்டகாம் என்று கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கிறார்கள். அலர்ஜியால் எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு லேசிக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கசக்குவதை நிறுத்த மருந்து கொடுக்க வேண்டும். கூம்பு வளர்ந்துகொண்டே போனால், ரைபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுக வைக்கும் சி3ஆர் சிகிச்சை அதைத் தடுத்து நிறுத்தும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும், கடினமான லென்ஸ் என்றால் இன்னும் கூடுதல் நாள். லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் உருவமே மாறியிருக்கும், அளவு தப்பாக வரும். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு மதியம் பரிசோதனை, மாலையில் ஆபரேஷன் என்று எங்காவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும், கடைசி ஒரு வருடத்தில் பவர் அரை டையாப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும், ஹார்மோனால் பவரே மாறும். கண் உலர்வு கடுமையாக உள்ளவர்கள், முடக்குவாதம் போன்ற நோயெதிர்ப்புக் கோளாறு உள்ளவர்கள், சுகர் கட்டுக்குள் வராதவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோர் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிக்கும் பையன்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று லேசிக் செய்துகொண்டு போனாலும் அந்தப் பணிக்கு மருத்துவத் தகுதி கிடைக்காது. எந்தச் சீருடைப் பணியாக இருந்தாலும் அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மோதி விளையாடும் ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: லேசிக் ஃபிளாப் பழையபடி முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. பலமான அடிபட்டால் வருடங்கள் கழித்தும் அது நகரலாம். கபடி, குத்துச்சண்டை என்று இருப்பவர்களுக்கு ஃபிளாப் இல்லாத முறைகளே ஏற்றவை.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியாவில் பவர் 7.5 டையாப்டருக்குக் குறைவாக இருந்தால் கண்ணாடி நீக்கும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. அது பொது விலக்கு.

சரி, எல்லாப் பொருத்தமும் இருந்து செய்துகொண்டால்? பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். லேசிக் செய்துகொண்டவர்களிடம் அமெரிக்க எஃப்டிஏ நடத்திய ப்ரௌல் என்ற ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பார்வை திருப்தியாக இருக்கிறது என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து ஒளிவட்டம், கூச்சம், இரட்டை உருவம் போன்ற ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிவதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு அது அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு இல்லை. ஆனாலும் இரவில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமா இல்லையா? கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் கண் உலர்வும் சகஜம். மாதக்கணக்கில் சொட்டு மருந்து தேவைப்படலாம்.

விளம்பரங்கள் வாய் திறக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. லேசிக் கண்ணாடியைக் கழற்றுகிறது, கிட்டப்பார்வைக் கண்ணை மாற்றுவதில்லை. மைனஸ் 8 இருந்தவரின் விழி லேசிக்குக்குப் பிறகும் அதே நீளம்தான். இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். விழித்திரை கிழியும் ஆபத்து கொஞ்சமும் குறைவதில்லை. கண்ணாடி போய்விட்டது, இனி கண் டாக்டர் எதற்கு என்று இருந்துவிடுவதுதான் இதில் பெரிய தப்பு.

நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்தையும் லேசிக் தடுக்காது. அது உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழிக்கு அதில் சம்பந்தமில்லை. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைக்கும் முறை ஒன்று உண்டு. எல்லோருக்கும் அது ஒத்துப்போகாது. முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரம் பழகிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் சரி.

லேசிக்குக்கு முன் எடுத்த கருவிழி அளவுகள், பழைய பவர் எல்லாவற்றையும் சொத்துப் பத்திரம் வைக்கும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். முப்பது வருடம் கழித்துப் புரை வந்து உள்ளே வைக்கும் லென்ஸுக்குக் கணக்குப் போடும்போது அந்த எண்கள் கைகொடுக்கும். கருவிழி மெலிந்த பிறகு கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகவே அளவில் வரும். லேசிக் செய்தவர் என்று சொல்லாவிட்டால், கண் நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோயான கிளாக்கோமா டாக்டரின் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

புரைக்கு லேசரா?

கண்புரையை லேசரால் கரைத்துவிட முடியாது. புரை என்பது உள்ளே இருக்கும் லென்ஸ் பழுத்து மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. தையல் இல்லாமல், சிறிய துளை வழியாகச் செய்யும் பேக்கோ முறையைப் பலர் லேசர் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் லென்ஸை உடைப்பது கேளா ஒலி அதிர்வு. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் கொண்டுவந்த முறை அது. ஃபெம்டோசெகண்ட் லேசரைச் சேர்த்துச் செய்யும் புரை ஆபரேஷனும் உண்டு. அதில் வெட்டுகள் போடுவதையும் லென்ஸைத் துண்டாக்குவதையும் லேசர் பார்த்துக்கொள்ளும், உறிஞ்சி எடுப்பதற்குப் பேக்கோ இயந்திரமே வர வேண்டும். நல்ல கையில் செய்த சாதாரணப் பேக்கோவைவிட இதில் பார்வை கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

புரை எடுத்துச் சில மாதமோ சில வருடமோ கழித்து, "திரும்பவும் புரை வந்துடுச்சு" என்று வருவார்கள் பாருங்கள், அங்கேதான் லேசருக்கு உண்மையான வேலை. வந்திருப்பது புரை அல்ல. செயற்கை லென்ஸைத் தாங்கும் பையின் பின்பக்கச் சவ்வு மங்கியிருக்கிறது. யாக் லேசரால் அதன் நடுவில் ஒரு திறப்பு உண்டாக்கினால் போதும். உட்கார்ந்த வாக்கிலேயே ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஓரிரு நாள் பூச்சி பறப்பதுபோல இருக்கும். ஒருமுறை திறந்துவிட்டால் சவ்வு அந்த இடத்தில் மறுபடி மூடிக்கொள்வது மிக அபூர்வம்.

கிளாக்கோமாவிலும் லேசருக்கு இடமுண்டு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் குறுகியிருப்பவர்களுக்கு, கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நிறத்திரையில் யாக் லேசரால் ஊசிமுனைத் துளை போடுவார்கள். நள்ளிரவில் தலைவலியும் வாந்தியுமாகக் கண் அழுத்தம் எகிறிப் பார்வை போகும் ஆபத்தை அது தடுக்கும். கோணம் திறந்தே இருந்தும் அழுத்தம் ஏறுபவர்களுக்கு எஸ்எல்டி என்ற லேசர் இருக்கிறது. 2019-இல் பிரிட்டனில் வெளியான லைட் (LiGHT) என்ற ஆய்வில், முதல் சிகிச்சையாகவே இதைப் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். தினமும் மறக்காமல் மருந்து விடுவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் ஏற்கெனவே போன பார்வையை எந்தக் கிளாக்கோமா சிகிச்சையும் திருப்பித் தராது.

இப்படி லேசரால் ஆகாதவை இன்னும் உண்டு. நரம்பு பட்டுப்போன கண், பரம்பரையாக வரும் மாலைக்கண், நிறக்குருடு, மாறுகண், சின்ன வயதில் கவனிக்காமல் விட்ட சோம்பேறிக் கண் எதற்கும் லேசிக் பதில் அல்ல. கருவிழியில் மேலாக இருக்கும் தழும்பை எக்சைமரால் வழித்தெடுக்கலாம். ஆழமான தழும்புக்கு யாரோ தானம் செய்த கருவிழிதான் வேண்டும்.

விழித்திரைக்கு வைக்கும் லேசர்

இங்கேதான் லேசர் பார்வையைக் காப்பாற்றுகிறது. விழித்திரையில் சிறு கிழிசல் இருந்தால் அதைச் சுற்றி லேசர் புள்ளிகளை வேலிபோல வைத்து, திரை பிரிந்துவராமல் ஒட்டவைப்பார்கள். கண்ணில் திடீரென்று மின்னல் அடிப்பதுபோல வெளிச்சம், கொத்தாகக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவதுபோல நிழல் என்று தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். கிழிசலாக இருக்கும்போது வந்தால் அரைமணி நேர லேசரோடு போகும். திரை பிரிந்த பிறகு வந்தால் பெரிய ஆபரேஷன்.

குறைமாதக் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசரம். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தை என்றால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்துவிட வேண்டும். இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு அதற்கும் முன்னதாக. ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரத் தொடங்கியிருந்தால் லேசரோ ஊசியோ சில நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க இருட்டு. பச்சைக் குழந்தைக்குக் கண்ணில் லேசரா என்று பாட்டிமார் தடுக்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்தது சுகர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியான இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும், கசியும். ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை, புதுக் குழாய்களை வளரச் சொல்லி ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அப்படி முளைக்கும் குழாய்கள் பலமற்றவை. ஒரு நாள் தும்மினாலோ, ஒன்றுமே செய்யாமல் இருந்தாலோகூட வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். கொடுமை என்னவென்றால், அதுவரை பார்வை நன்றாகவே தெரிந்துகொண்டிருக்கலாம்.

இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்குப் பச்சை லேசரால் விழித்திரையின் ஓரப்பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளாகச் சுடுவார்கள். முழுச் சிகிச்சைக்கு ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள் வரும். ஒரே நாளில் வைத்தால் கண் வீங்கும் என்பதால் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வைப்பார்கள். சுட்ட பகுதிக்கு இனி ஆக்சிஜன் தேவையில்லை, புதுக் குழாய் கேட்கும் சுரப்பும் அடங்கும். படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் நடுப்பகுதியைக் காப்பாற்ற ஓரத்தை விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1970-களில் நடந்த பெரிய ஆய்வில், இந்தச் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது உறுதியானது. இன்றும் அதன் இடம் போய்விடவில்லை. நடுப்பகுதி வீங்கியிருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துதான் முதலில். பல நேரம் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஊசி என்றால் மாதாமாதம் வர வேண்டியிருக்கும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு அது நடக்கிற காரியமா என்பதையும் டாக்டர்கள் கணக்கில் எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும்.

சிகிச்சையில் லேசாக வலிக்கும், வெளிச்சம் பளீர் பளீரென்று அடிக்கும். முடிந்ததும் பார்வை தெளிவாகாது. சில நாள் கூடுதலாக மங்கலாம். இருட்டில் தெரிவதும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். ஒரு தடவை வைத்துவிட்டு, "பணம் கட்டியும் பார்வை வரலையே" என்று அடுத்த தடவைக்கு வராமல் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். லேசிக் செய்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மறுநாளே பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்த மனசு அதைத்தான் எதிர்பார்க்கும். இந்த லேசர் பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல, இருப்பது போகாமல் இருப்பதற்கு என்று முதல் நாளே, கூட வந்த மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் பாதிப் பேராவது மிச்சத் தடவைகளுக்கு வருவார்கள்.

இரண்டாம் வகை சுகர் என்றால் கண்டுபிடித்த உடனேயே ஒருமுறையும், அதன்பின் வருடத்துக்கு ஒருமுறையும் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டும். சுகர் உள்ள பெண் கர்ப்பமானால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அளவையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.